பீப் சத்தம் இல்லாத வீடு

மிளகுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்ற சண்டை அவர்கள் வீட்டில் இன்னும் முடிந்தபாடில்லை. "பொறந்தப்ப இத்துனூண்டு இருந்தா, அதனால நான்தான் வெச்சேன்" என்பார் அப்பா. "இத்துனூண்டு இருந்துக்கிட்டு அழுகை மட்டும் அவ்வளவு காரம், அதனால நான்தான் வெச்சேன்" என்பார் அம்மா. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், ஏதோ வம்பு என்று அர்த்தம்.

மிளகுக்குப் பத்து வயது. தம்பி சுண்டுவுக்கு ஐந்து. அப்பா லிஃப்ட் மெக்கானிக். "என் வாழ்க்கையில ஏற்றமும் இறக்கமும் தவிர வேற ஒண்ணுமே இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதற்கு இப்போதெல்லாம் அவரைத் தவிர யாரும் சிரிப்பதில்லை.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் நர்ஸ். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. அங்கே ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு கருவி இருக்கும். நோயாளியின் மூச்சோ இதயத் துடிப்போ கொஞ்சம் மாறினால்கூட அது 'பீப், பீப்' என்று கத்தும். அது கத்தினால் அம்மா ஓட வேண்டும்.

அந்த 'பீப்' அம்மாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டதுதான் சங்கடம். ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடாவிட்டால் பீப். துணி துவைக்கும் மெஷின் வேலையை முடித்தால் பீப். பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பூட்டினால் பீப். ஒவ்வொரு தடவையும் அம்மா படுக்கையில் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஒண்ணுமில்லம்மா, வாஷிங் மெஷின்தான்" என்று மிளகு ஓடிப்போய்ச் சொல்வாள்.

"ஓ... சரிடா" என்று அம்மா மறுபடி படுப்பார். ஆனால் போன தூக்கம் போனதுதான்.

இந்த வருஷம் அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் விடுமுறை கிடைத்தது. அதைக் கேட்டதும் வீட்டில் எல்லாருக்கும் கை கால் ஓடவில்லை.

"எங்கயாவது வயலும் மரமுமா இருக்கிற இடத்துல ஒரு வீடு எடுத்துத் தங்கலாம்" என்றார் அப்பா.

"தங்கலாம். ஆனா நாம போய் ஜாலியா இருந்துட்டு, அந்த இடத்தைக் கெடுத்துட்டு வரக் கூடாது" என்றார் அம்மா. "தண்ணிய வீணாக்காத வீடா, கண்டபடி கரண்ட்டை இழுக்காத வீடா பாருங்க."

அப்பா தேடித் தேடி இரண்டு வீடுகளைப் பிடித்தார். விடுமுறைக்கு முன்பே போய்ப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி, வேக வைத்த முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு காரில் கிளம்பினார்கள். சுண்டு வழியெல்லாம் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டே வந்தான். அதனால் வரப்போகும் வினை அப்போது யாருக்கும் தெரியவில்லை.

முதல் வீட்டின் வாசலில் 'பசுமை இல்லம்' என்று பெரிய பலகை இருந்தது. சுவர் பச்சை, கூரை பச்சை, கதவு பச்சை. வரவேற்க வந்த மேனேஜரின் சட்டைகூடப் பச்சை.

"வாங்க, வாங்க! இங்க எல்லாமே இயற்கைதான்" என்றார் அவர்.

வாசலில் புல்வெளி பளபளவென்று மின்னியது. அதைப் பார்த்ததும் சுண்டு ஓடிப்போய் உருண்டான். அடுத்த நொடியே முதுகைச் சொறிந்துகொண்டு எழுந்து வந்தான்.

"அக்கா, இந்தப் புல்லு குத்துது!"

மிளகு குனிந்து ஒரு புல்லை இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை. முகர்ந்து பார்த்தாள். புது செருப்பு வாசனை அடித்தது. பிளாஸ்டிக்!

"தண்ணியே ஊத்த வேணாம் பாருங்க! சுற்றுச்சூழலுக்கு ரொம்ப நல்லது" என்றார் மேனேஜர் பெருமையாக.

பின்பக்கம் நீச்சல் குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வருது?"

"லாரில வருது சார்."

"லாரிக்கு எங்கேர்ந்து வருது?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அது... லாரிக்காரரைத்தான் கேக்கணும்."

உள்ளே போவதற்குக் கதவில் ஒரு அட்டையைக் காட்டினார். பீப்! அம்மாவின் தோள் தூக்கிப் போட்டது. ஏசியைப் போட்டார். பீப்! அடுப்பைக் காட்டினார். பீப், பீப்! அம்மா மெதுவாகப் பின்வாங்கி, வெளியே போய் நின்றுகொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. யாரையும் மனம் நோகப் பேசத் தெரியாதவர் அவர். ஆனால் அவருடைய வலது கை தன் இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்ததை மிளகு கவனித்தாள்.

அந்த வீடு ஒரே ஒருவருக்குத்தான் பிடித்திருந்தது. குளியலறையிலிருந்து சுண்டுவின் குரல் கேட்டது.

"அக்கா! இங்க ஓடி வாயேன்! ஃப்ளஷ் பண்ணினா தண்ணி நீலமா வருது!"

மிளகு போய்ப் பார்த்தாள். பளிங்கு போல் இருந்த கழிப்பறைத் தொட்டியின் முன்னால் நின்று, சுண்டு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். நீலத் தண்ணீர் சுழன்று சுழன்று 'கொள கொள' என்று உள்ளே போனது. சுண்டு அதற்குக் கையசைத்தான்.

"டாட்டா!"

இது அவனுடைய பழைய வழக்கம். இரண்டு வயதிலிருந்தே கழிப்பறையில் வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டு, எட்டிப் பார்த்து, 'டாட்டா' சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவான். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம்.

"போதும்டா, தண்ணி வீணாகுது" என்று மிளகு அவனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நாம இந்த வீட்டுக்கே வரலாம்" என்றான் சுண்டு. அடுத்த வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த வீடு வந்ததே யாருக்கும் தெரியவில்லை. மண் நிறத்திலேயே இருந்ததால், அதைத் தாண்டிப் போய்விட்டு அப்பா காரைத் திருப்ப வேண்டியதாயிற்று. சுற்றிலும் மரங்கள். நடுவில் குட்டையான, அகலமான வீடு. வாசலில் ஒரு இளம்பெண் கழுத்தில் தூளி மாதிரி துணி கட்டி, அதில் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டிருந்தார்.

"இந்த வீடு உங்களோடதா?" என்று அப்பா கேட்டார்.

"என்னோடதுதான் சார். கட்டினதும் நான்தான். போன வாரம் கூரையில ஏறி சோலார் தகட்டைத் தொடச்சேன். ஏணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"வலிக்குதா, மாவுக்கட்டு அக்கா?" என்று சுண்டு கேட்டான். அன்றைக்கு முழுவதும் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

வீட்டுக்குள் காலை வைத்ததும் ஜில்லென்று இருந்தது. அப்பா வழக்கம்போலச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"மண்ணா?"

"சூளையில சுடாத மண் கல்லு சார். பின்னாடி குழி தோண்டி எடுத்த மண்ணுதான். அந்தக் குழி இப்ப மழைத் தண்ணித் தொட்டி."

"ஏசி?"

"ஜன்னல் இருக்கு."

"ஃப்ரிட்ஜ்?"

"காய் வேணும்னா தோட்டத்துலேர்ந்து பறிச்சுக்கலாம். பறிக்கிறவரைக்கும் கெட்டுப் போகாது."

அம்மா தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "இந்த வீட்டுல... 'பீப்'னு சத்தம் போடற மாதிரி ஏதாவது இருக்கா?"

மாவுக்கட்டு அக்கா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஒரு ஆடு இருக்குங்க. ஆனா அது 'மே'ன்னுதான் சொல்லும்."

அம்மா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று மிளகுக்கு நினைவுக்கே வரவில்லை.

ஜன்னல் ஓரமாக ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. "நீங்க போய் எல்லாத்தையும் பாருங்க. நான் இங்க சும்மா உக்காந்திருக்கேன்" என்றார் அம்மா.

மற்றவர்கள் வீட்டைச் சுற்றி வந்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைகளுக்குப் போவதைப் பார்த்தார்கள். ஆட்டுக்கு வணக்கம் சொன்னார்கள். அப்போதுதான் சுண்டு இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு நின்றான்.

"அப்பா, எனக்கு ரெண்டு வருது."

வாழைப்பழங்கள் வேலையைக் காட்டிவிட்டன!

"இதோ, இந்தப் பக்கம் வாங்க" என்று மாவுக்கட்டு அக்கா பின்புறத்துச் சின்ன அறையைத் திறந்தார். நல்ல வெளிச்சமான அறை. உள்ளே மூன்று படி ஏறினால் மரப் பலகையில் ஓர் இருக்கை, அதில் ஒரு வட்டத் துளை. பக்கத்தில் கூடை நிறைய மரத்தூள், அதில் ஒரு கரண்டி.

சுண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். "ஃப்ளஷ் எங்க?"

"இது உலர் கழிப்பறை. இதுக்குத் தண்ணியே வேணாம். வேலை முடிஞ்சதும் ஒரு கரண்டி மரத்தூளைப் போட்டா போதும்."

சுண்டு படியேறித் துளைக்குள் எட்டிப் பார்த்தான். இருட்டாக இருந்தது.

"தண்ணி இல்லன்னா அது எப்படிப் போகும்?"

"எங்கயும் போகாது. இங்கயேதான் இருக்கும்" என்றார் மாவுக்கட்டு அக்கா சந்தோஷமாக.

சுண்டுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! படியிலிருந்து இறங்கினான். கால்களைப் பின்னியபடியே விறுவிறுவென்று நடந்து காருக்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்பா போய்க் கெஞ்சினார். "ஒரு தடவை உக்காந்து பாரேன்டா."

"மாட்டேன்."

"நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"மாட்டேன்! நீல வீட்டுக்குப் போலாம்."

அப்பா பெருமூச்சு விட்டுத் திரும்பி வந்தார். "தப்பா நினைக்காதீங்க. வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு வாரம் பூரா இவன் அடக்கிட்டு இருக்க முடியுமா? உடம்புக்கு ஆகாது. அந்த முதல் வீட்டையே எடுத்துக்க வேண்டியதுதான்."

மாவுக்கட்டு அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சிரிக்கப் பார்த்தார். "பரவால்ல சார். வர்றவங்க எல்லாரும் சுவரைப் பாத்து ஆசையா போட்டோ எடுக்கிறாங்க. இந்தக் கதவைத் திறந்ததும் கார்ல ஏறிடுறாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து தங்கல."

"மிளகு, போய் அம்மாவைக் கூட்டிட்டு வா. கிளம்பலாம்" என்றார் அப்பா.

மிளகு உள்ளே ஓடினாள். ஜன்னல் பக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

சாதாரணத் தூக்கம் இல்லை. ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு தரையிலுமாக, வாய் லேசாகத் திறந்திருக்க, உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்து மலர்ந்திருக்க, அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். வெளியே ஆடு 'மே' என்று கத்தியது. அம்மாவின் இமைகூட அசையவில்லை.

மிளகு பூனை மாதிரி நடந்து வெளியே வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா, எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க. நான் சுண்டுகிட்ட பேசிப் பாக்கறேன்" என்று கிசுகிசுத்தாள் மிளகு.

காருக்குள் சுண்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். மிளகு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ போய்ட்டு வந்தா என்னோட கலர் பென்சில் எல்லாம் உனக்கு."

"வேணாம்."

"நீ பெரிய பையன்தானே? பெரிய பசங்க பயப்பட மாட்டாங்க."

"நான் சின்னப் பையன்."

மிளகு வேறு மாதிரி கேட்டாள்.

"சுண்டு, உனக்கு அங்க என்னடா பிடிக்கல? என்கிட்ட மட்டும் சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சுண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அது எங்கயும் போகாதாம் அக்கா. அங்கயே இருக்குமாம். நாம சாப்பிடறப்பவும் இருக்கும். தூங்கறப்பவும் இருக்கும். எப்பவும் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாகச் சொன்னான்: "அது போகலன்னா நான் எப்படி டாட்டா சொல்றது?"

மிளகுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்தது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டாள். தம்பியின் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது. அவனுக்கு இது விளையாட்டு இல்லை.

"நீ கேக்கறது நியாயம்தான்" என்றாள் மிளகு. "அது கடைசியில என்னதான் ஆகும்னு எனக்கும் தெரியல. வா, கேப்போம். கேக்கறதுக்கு மட்டும்தான். நீ உக்கார வேணாம்."

கேட்க மட்டும்தான் என்றதும் சுண்டு காரிலிருந்து இறங்கினான்.

கேள்வியைக் கேட்டதும் மாவுக்கட்டு அக்கா முதலில் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எல்லாரும் அதைப் பத்திப் பேசாதீங்கன்னுதான் சொல்லுவாங்க. நீங்கதான் முதல்ல கேட்டிருக்கீங்க." பிறகு அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இருக்கைக்கு அடியில ரெண்டு அறை இருக்கு. ஒண்ணு நிறைஞ்சா மூடிட்டு, இன்னொண்ணைத் திறப்பேன். மூடி ஒரு வருஷத்துக்கும் மேல ஆன அறை ஒண்ணு இருக்கு. பாக்கறீங்களா?"

சுண்டு முன்கூட்டியே மூக்கைப் பொத்திக்கொண்டான். அப்பாவும்கூட, யாரும் பார்க்காதபோது, பொத்திக்கொண்டார்.

மாவுக்கட்டு அக்கா பின்சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்தார். ஒரு கையால் மண்வெட்டியைப் பிடித்துக் கொஞ்சம் அள்ளிக் காட்டினார். "தொட வேணாம். மோந்து மட்டும் பாருங்க."

கறுப்பாக, பொலபொலவென்று மண். மிளகு குனிந்து முகர்ந்தாள். மழை பெய்து முடித்ததும் மரத்தடியில் வருமே, அந்த வாசனை.

சுண்டு மூக்கிலிருந்து ஒரு விரலை எடுத்தான். பிறகு இன்னொரு விரலை எடுத்தான்.

"இது... யாரோடது?"

"என்னோடதுதான்" என்றார் மாவுக்கட்டு அக்கா.

அப்பா இருமுவதுபோல் சிரித்தார்.

"மண்ணாவே ஆயிடுச்சே! இதை என்ன பண்ணுவீங்க?" என்று சுண்டு கேட்டான்.

"அதோ அந்த மரங்களுக்குப் போடுவேன். அதான் அப்படித் தளதளன்னு நிக்குது."

சுண்டு மரங்களை அண்ணாந்து பார்த்தான். ஆனால் முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. மிளகுக்குக் காரணம் புரிந்தது. மண்ணாவதற்கு ஒரு வருஷம் ஆகும். அதுவரை அது அங்கேதான் இருக்கும். அவனுக்கு டாட்டா சொல்ல வழி கிடைக்கவில்லை.

அவள் கூடையில் இருந்த மரத்தூளைப் பார்த்தாள். கையில் அள்ளினாள். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

"சுண்டு, இது என்ன தெரியுமா? போர்வை."

"யாருக்கு?"

"அதுக்குத்தான். அது ஊருக்குப் போகலடா, தூங்கப் போகுது. நாம போர்வை போத்தி விடறோம். ரொம்ப நாள் நல்லாத் தூங்கும். எந்திரிக்கும்போது மண்ணா இருக்கும். தூங்கப் போறவங்களுக்கு யாராவது டாட்டா சொல்லுவாங்களா?"

சுண்டு யோசித்தான். கால்களைப் பின்னிக்கொண்டே யோசித்தான். "மாட்டாங்க. குட்நைட்தான் சொல்லுவாங்க."

"அதான்."

மிளகு மாவுக்கட்டு அக்காவைப் பார்த்தாள். "நான் சொன்னது சரிதானேக்கா? பொய் இல்லையே?"

"பொய்யே இல்ல" என்றார் அவர். "இனிமே வர்றவங்களுக்கு நானும் இப்படித்தான் சொல்லப் போறேன்."

சுண்டு தைரியமாகப் படியேறினான். துளையைப் பார்த்தான். மறுபடி இறங்கினான்.

"இப்ப என்னடா?" என்றார் அப்பா.

"ஓட்டை பெருசு. நான் சின்னது. உள்ள விழுந்துட்டா?"

அப்பா இந்த முறை பெருமூச்சு விடவில்லை. லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழியைப் பார்த்துப் பெரியவர்களே நடுங்குவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். "அது ஞாயமான பயம்தான். துளையைச் சின்னதாக்கிடலாம். பலகை இருக்கா?"

பலகை இருந்தது. ரம்பமும் இருந்தது. மாவுக்கட்டு அக்காவுக்கு அறுக்கத்தான் கை இல்லை. அப்பா ரம்பத்தை எடுத்துப் பலகையில் வைத்து ஒரு இழு இழுத்தார். 'கர்ர்ர்ர்!'

"அப்பா!" என்று மிளகு ஓடிவந்து ரம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். வீட்டைக் காட்டினாள். "அம்மா!"

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே சத்தமே இல்லை.

பலகையையும் ரம்பத்தையும் தூக்கிக்கொண்டு, நான்கு பேரும் திருடர்கள் மாதிரி பதுங்கிப் பதுங்கித் தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போனார்கள். சுண்டுவால் பதுங்கி நடக்க முடியவில்லை. குதித்துக் குதித்துத்தான் வந்தான்.

"சோப்பு தேய்ச்சா ரம்பம் சத்தம் போடாது" என்று மாவுக்கட்டு அக்கா கிசுகிசுத்தார்.

"அளவுக்கு ஒரு தட்டு வேணும்" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"சீக்கிரம்!" என்று சுண்டு கிசுகிசுத்தான்.

மிளகு சமையலறைக்கு ஓடிப்போய் ஒரு சின்னத் தட்டை எடுத்து வந்தாள். தட்டைப் பலகையில் கவிழ்த்து, கரித்துண்டால் சுற்றிக் கோடு போட்டாள். சரியாக இருக்குமா என்று பார்க்கச் சுண்டுவைக் கோட்டின் மேல் உட்காரச் சொன்னாள்.

"உக்கார வெச்சு அழுத்தாத அக்கா, ஆபத்து!" என்றான் அவன்.

அப்பா சோப்புத் தடவிய ரம்பத்தால் அறுத்தார். மிளகு உப்புத்தாளைச் சுருட்டி, குத்தாமல் இருக்க ஓரத்தையெல்லாம் வழவழவென்று தேய்த்தாள். ஊதிப் பார்த்தாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "ம், ஆச்சு!"

பெரிய துளையின் மேல் சின்னத் துளைப் பலகை அசையாமல் உட்கார்ந்தது. சுண்டு உள்ளே பாய்ந்தான். கதவு பாதி மூடியது.

"அக்கா, அங்கயே இருக்கியா?"

"இருக்கேன்டா."

"ஏதாவது பேசிட்டே இரு."

"ஆடு என்னைப் பாக்குது. இப்ப அப்பாவைப் பாக்குது. அப்பாவோட சட்டையைத் திங்க வருது..."

"ஏய், போ, போ!" என்று அப்பாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

அப்புறம் வெகுநேரம் உள்ளேயிருந்து சத்தம் இல்லை. பிறகு 'சர்ர், சர்ர்' என்று கரண்டிச் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், மிகவும் சின்னக் குரலில் ஒரு வார்த்தை.

"குட்நைட்."

சுண்டு வெளியே வந்தான். தலையில், புருவத்தில், சட்டையில் எல்லாம் மரத்தூள். கூடை பாதி காலி.

"ஒரு கரண்டி போதும்னு சொன்னேனே!" என்றார் மாவுக்கட்டு அக்கா.

"குளிரும்ல? அதான் நல்லாப் போத்தி விட்டேன்" என்றான் சுண்டு. "அடுத்த தடவையும் நானே போத்தி விடறேன். நாம எப்ப வரப்போறோம்?"

மாவுக்கட்டு அக்கா திரும்பி நின்று ஆட்டைத் தடவிக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது போலவும் இருந்தது. ஒரு கையால் இரண்டு வேலையும் செய்வது கஷ்டம்தான்.

வெயில் சாய்ந்து, மரங்களின் நிழல் வீட்டுக்குள் நீண்டபோதுதான் அம்மா கண் விழித்தார். விழித்ததும் பதறிப்போய்ச் செருப்பைத் தேடினார்.

"ஐயோ, டியூட்டிக்கு நேரமாச்சா? யாரு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடலம்மா" என்றாள் மிளகு. கட்டிலின் காலடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். "நீயாத்தான் முழிச்ச."

அம்மா சுற்றிலும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த அப்பாவையும் சுண்டுவையும் மாவுக்கட்டு அக்காவையும் பார்த்தார். அவர் கன்னத்தில் கட்டில் கயிற்றின் தடம் கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"இவ்வளவு நேரமா தூங்கினேன்? ஏன் எழுப்பல? நான் இன்னும் வீட்டையே பாக்கலியே!" என்றார். "என்ன முடிவு பண்ணினீங்க? எந்த வீடு?"

"நீ தூங்கினதை நாங்க பாத்தோம். அதனால இந்த வீடு" என்றாள் மிளகு.

அம்மா அவளை இழுத்துத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, மறுபடி கட்டிலில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

"அப்படியா?" என்றார். "அப்ப இன்னும் கொஞ்ச நேரம் வீட்டைப் பாத்துக்கறேன்."